நிலமில்லாத ஊரில் ஒரு விளையாட்டுத் திடல்

பழைய பலகைகளையும் தெப்பங்களையும் கொண்டு தாய்லாந்துக் கடலோரச் சிறுவர்கள் தமக்கென அமைத்த உதைபந்தாட்ட மேடையின் கதை

விளையாட்டுக்கு முதலில் வேண்டியது இடம். பந்து இல்லாவிட்டால் பழஞ்சீலையைச் சுருட்டிக் கட்டிக்கொள்ளலாம். கோல் கம்பம் இல்லாவிட்டால் இரண்டு கல்லை வைத்துவிடலாம். ஓடுவதற்கு இடம் இல்லாவிட்டால் எதுவும் செய்ய முடியாது. சொந்தக் காணியை விட்டு உறவினர் வளவிலும், பாடசாலைக் கட்டடங்களிலும், முகாம்களிலும் காலம் கழித்த குடும்பங்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கொட்டிலுக்கும் கொட்டிலுக்கும் இடையில் நாலு முழம் இருந்தால் அதுவே பெரிய காரியம். பிள்ளை பந்தை உதைத்தால் அது அடுத்த வீட்டு அடுப்பில் போய் விழும். பிறகு தாய்மாரிடையே சண்டை. பிள்ளைகளுக்கு அடி. முடிவில் பந்து கூரைக்கு மேலே.

ஓடியாட இடமில்லாத பிள்ளை சோர்ந்து போகும், அல்லது வேறு வழிகளைத் தேடிப் போகும். இரண்டும் பெற்றோருக்குக் கவலைதான். ஆயினும் உணவு, தண்ணீர், கூரை, மருந்து என்று தேவைகள் வரிசையாக நிற்கும்போது விளையாட்டிடம் வேண்டும் என்று கேட்கப் பலருக்கும் கூச்சமாக இருக்கிறது. "இருக்கவே இடமில்லை, விளையாட இடமோ?" என்று யாரும் கேட்டுவிடுவார்கள் என்ற பயம்.

சரியாக இந்தக் கேள்வியையே எதிர்கொண்ட ஓர் ஊர் உண்டு. அந்த ஊரில் இடம் குறைவு என்பதல்ல, இடமே இல்லை. வீடுகள் எல்லாம் கடலுக்கு மேலே மரக்கால்களில் நிற்கின்றன. அந்த ஊர்ப் பையன்கள் 1986ஆம் ஆண்டில் தமக்கு ஓர் உதைபந்தாட்டத் திடல் வேண்டுமென்று முடிவு செய்தார்கள். காணி கேட்டு எவரிடமும் போகவில்லை. தண்ணீருக்கு மேலே தாங்களே ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள்.

கொடியின் பெயர் கொண்ட தீவு

தாய்லாந்தின் தென்பகுதியில், அந்தமான் கடற்பக்கமாக, பங்ஙா என்றொரு மாகாணம் இருக்கிறது. அதன் குடாக்கடலில் சுண்ணாம்புப் பாறைகள் சுவர் போல நேராக எழுந்து நிற்கும். நாலாபுறமும் பாறைகளும் கண்டற்காடுகளும் காவலாக இருப்பதால் குடாவின் உட்பகுதி பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அப்படிப்பட்ட ஒரு பாறையின் அடியில், அதன் நிழலில் ஒதுங்கியது போல, பன்யி என்ற ஊர் அமைந்திருக்கிறது. 'கோ' என்றால் தாய் மொழியில் தீவு. ஆகவே இதைக் கோ பன்யி என்பர்.

இந்த ஊரவர்களின் முன்னோர் தாய்லாந்து நாட்டவர் அல்லர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தோனேசியாவின் யாவாவிலிருந்து படகுகளில் வந்த முஸ்லிம் மீனவர்கள் இவர்கள். நல்ல மீன்பிடி இடத்தைத் தேடிக் குடும்பங்கள் பிரிந்து சென்றன என்றும், முதலில் இடத்தைக் கண்டவர்கள் மற்றவர்களுக்குத் தெரியும்படி உயரமான பாறையில் கொடி ஏற்றினார்கள் என்றும், அதனாலேயே 'கொடி' என்று பொருள்படும் பெயர் தீவுக்கு வந்தது என்றும் ஊரார் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள்.

மீன் கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. அந்தக் காலச் சட்டப்படி தாய் இனத்தவர்கள் மாத்திரமே நிலத்தைச் சொந்தமாக வைத்திருக்கலாம். வந்தவர்களுக்கு அந்த உரிமை இல்லை. அத்துடன் பாறையின் அடிவாரத்தில் கால் வைக்கக்கூடிய மண்ணும் மிகச் சிறியது. எனவே கடலடிச் சேற்றில் மரக்கால்களை இறக்கி, அவற்றின் மேல் பலகை பரப்பி, வீடு கட்டிக் குடியேறினார்கள். வீட்டுக்கு அருகில் வீடு, அதற்கு அருகில் இன்னொரு வீடு. இடையில் பலகைப் பாதைகள். இப்படியே தலைமுறைகள் சென்றன. பிற்காலத்தில் சுற்றுலாவால் வருமானம் கூடிய பின்னரே தீவில் கொஞ்ச நிலம் வாங்க முடிந்தது. அந்த நிலத்தில் ஊரார் முதலில் அமைத்தவை ஒரு பள்ளிவாசலும் நன்னீர்க் கிணறும்.

இன்று ஏறக்குறைய 360 குடும்பங்கள், 1,700க்குக் கிட்டிய மக்கள் அங்கே வாழ்கிறார்கள் என்பது பலராலும் சொல்லப்படும் கணக்கு. இத்தனை பேரும் வந்து குடியேறிய இரண்டு குடும்பங்களின் வழியினர் என்று கூறப்படுகிறது.

ஓர் உலகக் கிண்ணமும் ஓர் ஆசையும்

1986ஆம் ஆண்டு யூன் மாதம் மெக்சிக்கோ நாட்டில் உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டிகள் நடந்தன. மரடோனா தலைமையில் ஆர்ஜென்ரீனா, இறுதி ஆட்டத்தில் மேற்கு ஜேர்மனியை 3க்கு 2 என்ற கணக்கில் வென்ற ஆண்டு அது. நமது ஊர்களிலும் அந்த ஆட்டங்களைத் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த ஒரு வீட்டில் ஊரே கூடியிருந்து பார்த்த நினைவு பலருக்கு இருக்கும். மெக்சிக்கோவில் நடுப்பகல் என்றால் தாய்லாந்தில் நள்ளிரவு கடந்துவிடும்.

பன்யிப் பையன்களையும் அந்த உலகக் கிண்ணம் பிடித்துக்கொண்டது. அதுவரை அந்த ஊரின் விளையாட்டு என்றால் படகோட்டுவது, மீன் பிடிப்பது போன்றவைதான். நிலத்தில் ஓடி விளையாடும் விளையாட்டு நிலமில்லாத ஊரில் எப்படி வரும்? இருந்தும் தாங்களும் ஓர் அணியாகச் சேர வேண்டும் என்று பையன்கள் பேசிக்கொண்டார்கள். பெரியவர்கள் சிரித்தார்கள். சுற்றிவரப் பார், எங்கே விளையாடப் போகிறாய் என்பதே அவர்களது கேள்வி.

பெரியவர்கள் கேட்டதில் தவறில்லை. முறையான உதைபந்தாட்டத் திடல் ஒன்றின் நீளம் 105 மீற்றர், அகலம் 68 மீற்றர். நமது கணக்கில் ஒன்றே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் கூட வரும். ஒரு குடும்பம் நெல் விதைத்துச் சாப்பிடக்கூடிய நிலம் அது. பன்யியில் ஒரு கால் ஏக்கர் வெறுந்தரை கூட இல்லை. கடல் நன்றாக வற்றும் நாட்களில் மணற்திட்டு வெளியே தெரியும். அமாவாசையையும் பூரணையையும் ஒட்டியே கடல் அப்படி வற்றும். கரையோர மக்களுக்கு இது தெரிந்த விடயம். மாதத்தில் இரண்டு தடவை, அதுவும் சில மணி நேரம் கிடைக்கும் மணலை நம்பி ஓர் அணியை உருவாக்க முடியாது.

பலகை சேர்த்தார்கள்

கேட்பதற்கு நிலம் இல்லை. ஆனால் அந்த ஊரில் ஒரு தொழில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீருக்கு மேலே மரத்தால் கட்டுவது. அவர்களது வீடு அப்படிக் கட்டியது, பாதை அப்படிக் கட்டியது, பாடசாலைக்கு அவர்கள் நடந்து போவதும் அப்படிக் கட்டிய பலகையின் மேலேதான். அப்படியென்றால் திடலை மட்டும் ஏன் கட்ட முடியாது?

பாடசாலை விட்ட பிறகு பையன்கள் ஊரைச் சுற்றிப் பழைய மரத்துண்டுகளைச் சேகரித்தார்கள். கழித்துவிடப்பட்ட மீன்பிடித் தெப்பங்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். தெப்பங்களை ஒன்றோடு ஒன்று பிணைத்து, மேலே பலகைகளை அடித்து, மிதக்கும் மேடை ஒன்றை உருவாக்கினார்கள். பொறியியலாளர் எவரும் இல்லை, வரைபடம் இல்லை, கடனும் இல்லை. தகப்பன்மாரும் மாமன்மாரும் செய்வதைப் பார்த்துப் பழகிய கைகள்தான் அந்த வேலையைச் செய்தன.

வீட்டைப் போல மரக்காலில் நிறுத்தாமல் மிதக்கவிட்டதில் ஒரு புத்தி இருக்கிறது. கடலடியில் கால் நாட்டுவதற்கு நல்ல நீளமான, பலமான மரங்கள் வேண்டும். அவற்றை இறக்கப் பல ஆட்கள் வேண்டும். மிதவைக்குப் பழைய பொருள் போதும். கடல் ஏறும்போது அதுவும் ஏறும், வற்றும்போது அதுவும் இறங்கும். கயிறு மட்டும் உறுதியாக இருக்க வேண்டும். தேவைப்பட்டால் அவிழ்த்து வேறிடத்துக்கு இழுத்துச் செல்லவும் முடியும்.

குளத்திலோ களப்பிலோ மிதவை கட்டி அனுபவப்பட்டவர்களுக்கு இதன் கணக்குத் தெரியும். 200 லீற்றர் கொள்ளும் வெற்றுப் பரல் ஒன்று அரைவாசி தாழ்ந்து மிதந்தால், பரலின் சொந்தப் பாரம் போக ஏறக்குறைய 80 கிலோவைத் தாங்கும். அதாவது வளர்ந்த ஆள் ஒருவரும் சில பலகைகளும். பத்துப் பையன்கள் ஓடும் மேடைக்கு எத்தனை பரல் வேண்டும் என்பதை நீங்களே போட்டுப் பாருங்கள். எல்லோரும் ஒரே ஓரத்துக்குப் பந்தின் பின்னால் ஓடினால் அந்த ஓரம் தாழும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பையன்கள் இந்தக் கணக்கைத் தாளில் போட்டிருக்க மாட்டார்கள். மிதந்தால் சரி, தாழ்ந்தால் இன்னொரு தெப்பம் என்பதே அவர்களது கணக்கு.

குறைகள் கற்றுக்கொடுத்தவை

கட்டி முடித்த மேடை அழகான ஒன்றல்ல. பலகைகள் ஏறியும் இறங்கியும் இருந்தன. ஆணிகள் தலை நீட்டிக்கொண்டிருந்தன. கடல்நீர் மேலே தெறித்துப் பலகைகள் எப்போதும் ஈரமாகவும் வழுக்கலாகவும் இருந்தன. சுற்றிவர வேலி கிடையாது. பந்து அடிக்கடி கடலுக்குள் விழுந்தது. விழுந்த பந்தை எடுக்கப் பையன்களும் கடலுக்குள் குதித்தார்கள். சப்பாத்து அணிய வழியில்லை, வெறுங்காலுடன்தான் ஆட்டம்.

ஆனால் இந்தக் குறைகளே அவர்களுக்குப் பயிற்சி ஆசிரியர்களாக இருந்தன. பந்தை உயர்த்தி அடித்தால் அது கடலுக்குப் போய்விடும், ஆகவே தாழ்வாகவும் அளவாகவும் அடிக்கப் பழகினார்கள். மேடை சிறியது, ஆகவே ஒருவனிடம் பந்து வந்தவுடன் இன்னொருவன் முன்னால் நிற்பான். விரைவாக முடிவெடுத்துப் பந்தை நகர்த்த வேண்டும். பலகை வழுக்கும், ஆகவே காலை ஊன்றும் விதத்தில் கவனம் வந்தது.

சிறிய இடத்தில் ஆடுவதன் பயனை உலகம் வேறு வழியிலும் அறிந்திருக்கிறது. 1930ஆம் ஆண்டில் உருகுவே நாட்டின் மொன்ரிவிடியோ நகரில், இளைஞர் கிறிஸ்தவ சங்கத்தில் பயிற்சியளித்த யுவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர், கூடைப்பந்துக் கூடத்தின் அளவுள்ள இடத்தில் கூரைக்கு அடியில் ஆடக்கூடிய சிறு உதைபந்தாட்டம் ஒன்றை வகுத்தார். பக்கத்துக்கு ஐந்து பேர். பின்னர் அது 'புட்சால்' என்ற பெயருடன் உலகெங்கும் பரவியது. பெரிய திடலில் ஒரு பையனுக்குப் பந்து எப்போதாவதுதான் கிடைக்கும். சிறிய இடத்தில் மீண்டும் மீண்டும் காலில் படும். தொடும் தடவை கூடக் கூடத் திறமையும் கூடும். பன்யிப் பையன்கள் இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

கரைக்குச் சென்ற அணி

இனி வரும் பகுதியை, 2011ஆம் ஆண்டில் தாய்லாந்து வங்கி ஒன்று வெளியிட்ட குறும்படம் உலகுக்குச் சொன்னது. உண்மைக் கதையை வைத்து, நடிகர்களைக் கொண்டு எடுத்த படம் அது.

கரையில் உள்ள பங்ஙாவில் ஒரு நாள் சுற்றுப்போட்டி நடக்கப்போவதாக அறிவித்தல் வந்தது. போவதா, விடுவதா என்று பையன்களுக்குத் தயக்கம். உண்மையான புல் திடலில் அவர்கள் ஆடியதில்லை. எதிரே வருபவர்கள் முறையாகப் பயிற்சி பெற்ற அணியினர். இருந்தும் பெயரைக் கொடுத்தார்கள்.

இவ்விடத்தில் ஊர் மாறியது. முன்பு சிரித்தவர்களே காசு சேர்த்துச் சப்பாத்தும் அணிச் சீருடையும் வாங்கிக் கொடுத்தார்கள். போட்டியன்று ஊர்மக்கள் படகேறிக் கரைக்கு வந்து ஆரவாரித்தார்கள். பிள்ளைகளின் முயற்சியைக் கண்ணால் கண்ட பின்னர் ஒதுங்கி நிற்க அவர்களால் முடியவில்லை.

புல் திடலில் இறங்கியதும் தங்களுக்கே தெரியாத ஒன்றைப் பையன்கள் கண்டுகொண்டார்கள். ஆடும் மேடையில் பழகிய கால்களுக்கு அசையாத தரை இலேசாக இருந்தது. கோல் கம்பங்கள் பெரிதாகத் தெரிந்தன. அரையிறுதி வரை வந்துவிட்டார்கள்.

அரையிறுதியில் மழை பிடித்துக்கொண்டது. சப்பாத்துகள் நீரில் ஊறிக் கனத்தன. முதற்பாதி முடிவில் இரண்டு கோல்கள் பின்னுக்கு நின்றார்கள். இடைவேளையில் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலுடன் இறங்கினார்கள். ஈரத்தரையில் வெறுங்கால் ஆட்டம் அவர்களுடைய சொந்த ஆட்டம் அல்லவா? இரண்டு கோல்களையும் திருப்பிக் கொடுத்தார்கள். கடைசி நிமிடத்தில் எதிரணி இன்னொன்றைப் போட்டது. 3க்கு 2 என்று தோற்றார்கள். ஆயினும் முதன்முதலாகப் போட்டிக்கு வந்த அணிக்கு மூன்றாமிடம் கிடைத்தது.

வெறுங்காலுடன் ஆடியவர்களை எண்ணும்போது இன்னோர் அணியின் நினைவும் வருகிறது. சுதந்திரம் பெற்ற மறு ஆண்டு, 1948இல், இந்திய அணி இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சை எதிர்த்து ஆடியது. வீரர்களில் பெரும்பாலானோர் வெறுங்காலுடன் இறங்கினார்கள். கிடைத்த இரண்டு தண்ட உதைகளையும் தவறவிட்டு 2க்கு 1 என்று தோற்றார்கள். அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன் என்பவர். ஒலிம்பிக்கில் இந்தியா பெற்ற முதல் உதைபந்தாட்டக் கோல் அதுவே. தோற்றவர்களும் நினைவில் நிற்பதுண்டு.

அதன் பின்னர்

மூன்றாமிடம் பெற்ற பையன்கள் கோடீசுவரர் ஆகவில்லை. மறுநாளும் கடலுக்குப் போக வேண்டியிருந்தது. மாறியது ஊரின் மனம். உதைபந்தாட்டம் அந்த ஊரின் முதல் விளையாட்டாயிற்று. ஆணி நீட்டிய பழைய மேடையின் இடத்தில், சீரான தளமுள்ள புதிய மேடையை ஊரே சேர்ந்து அமைத்தது. பன்யி உதைபந்தாட்டக் கழகம் நிலைபெற்றது. 2004ஆம் ஆண்டிலிருந்து 2010ஆம் ஆண்டு வரை தென் தாய்லாந்து இளைஞர் வெற்றிக் கிண்ணத்தைத் தொடர்ந்து ஏழு தடவை அக்கழகம் வென்றிருக்கிறது. முதலில் பலகை அடித்தவர்களுக்கு அடுத்து வந்த தலைமுறையின் வெற்றி இது.

2004 மார்கழியில் வந்த கடற்கோளினால் தாய்லாந்தில் மிக மோசமாக அழிந்தது இதே பங்ஙா மாகாணத்தின் திறந்த கடற்கரைதான். குடாவின் உள்ளே, பாறைகளின் மறைவில் இருந்த பன்யி அந்த அழிவிலிருந்து தப்பியது. முன்னோர் ஒதுங்கிய இடம் நல்ல இடமாகவே இருந்திருக்கிறது.

சுற்றுலாவும் ஊருக்குள் வந்தது. 1974இல் வெளிவந்த ஜேம்ஸ் பொண்ட் படம் ஒன்றின் காட்சிகள் பக்கத்துத் தீவில் எடுக்கப்பட்டதிலிருந்து அந்தக் குடாவுக்கு வெளிநாட்டார் வரத் தொடங்கியிருந்தார்கள். மிதக்கும் திடலையும் இப்போது வந்து பார்க்கிறார்கள். இதில் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. 2020இல் பெருந்தொற்றினால் வெளிநாட்டார் வருகை நின்றபோது, சுற்றுலாவை நம்பியிருந்த தாய்லாந்துக் கரையோர ஊர்கள் எல்லாம் அடிபட்டன. கடலும் வலையும் கைவசம் வைத்திருப்பவனுக்குத் திரும்பிப் போக ஒரு தொழில் இருக்கும். இதை வயலை விட்டு வந்தவர்களும் யோசிக்க வேண்டும். புதிய வருமானம் வந்தாலும் பழைய தொழில் அறிவைப் பிள்ளைகள் மறந்துவிடக் கூடாது.

இன்னுமொரு மிதக்கும் திடல்

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று. 2007ஆம் ஆண்டில் சிங்கப்பூர் அரசாங்கம் மரீனா குடாவில் மிதக்கும் மேடை ஒன்றை அமைத்தது. நீளம் 120 மீற்றர், அகலம் 83 மீற்றர், முழுவதும் உருக்கினால் ஆனது. 9,000 பேர் ஏறி நிற்கலாம். கரையில் 27,000 பேர் இருந்து பார்க்க ஆசனங்கள். தேசிய தின விழாவும் உதைபந்தாட்டமும் அங்கே நடந்தன. நிலம் குறைந்த நாட்டுக்கு அது நல்ல யோசனைதான்.

அதே யோசனை இருபது ஆண்டுகளுக்கு முன்னரே பன்யிப் பையன்களின் தலையில் உதித்துவிட்டது. பணமுள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் புத்தி ஒன்றாகவே வேலை செய்கிறது. வேறுபாடு பொருளில்தான். ஆகவே, நம்மிடம் யோசனை இல்லை என்று மாத்திரம் நாம் சொல்லக் கூடாது.

நமக்கு உரியவை

இந்தக் கதையைக் கேட்டு நாமும் தண்ணீரில் திடல் கட்ட வேண்டும் என்பதல்ல. அவர்கள் தங்களுக்குத் தெரிந்த தொழிலைக் கொண்டு கட்டினார்கள். விவசாயிகளுக்குத் தெரிந்த தொழில் வேறு. வரம்பு கட்டத் தெரியும், நிலம் மட்டம் பார்க்கத் தெரியும், வேலி அடைக்கத் தெரியும், பந்தல் போடத் தெரியும். ஓலை வேயத் தெரிந்த பத்துப் பேர் சேர்ந்தால் இரண்டு நாளில் ஒரு கொட்டகை எழும்பும். மழையிலும் வெயிலிலும் பிள்ளைகள் விளையாட அதுவே ஒரு திடல். செய்யப் புறப்படுவோர் பின்வருவனவற்றைக் கவனிப்பது நல்லது.

1. இடம் யாருடையது என்பதை முதலில் அறியுங்கள். தனியாரின் காணியானால் சொந்தக்காரரிடமும், பொதுக் காணியானால் கிராம அலுவலர் மூலமாகவும் அனுமதி கேளுங்கள். எத்தனை காலத்துக்கு என்பதை எழுத்தில் வைத்திருப்பது பின்னர் மனக்கசப்பு வராமல் காக்கும்.

2. கழற்றி எடுக்கக்கூடியதாகக் கட்டுங்கள். ஊர் திரும்பும் நாள் வரும்போது தடியும் தகரமும் உங்களோடு வரட்டும். சீமெந்தில் போட்ட காசு நின்ற இடத்திலேயே நின்றுவிடும்.

3. பெரிய திடலுக்காகக் காத்திருக்க வேண்டாம். கரப்பந்தாட்டத்துக்கு 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் கோட்டுக்கு வெளியே கொஞ்ச இடமும் போதும். கிளித்தட்டுக்கு இதனிலும் குறைவாக இருந்தாலும் சமாளிக்கலாம். சிறிய இடம் சிறுவர்களின் திறமையைக் குறைப்பதில்லை என்பதை மேலே கண்டோம்.

4. ஆணியைக் கவனியுங்கள். பன்யிப் பையன்கள் ஆணி நீட்டிய பலகையில் ஆடியது நாம் பின்பற்ற வேண்டிய காரியம் அல்ல. பழைய பலகையில் உள்ள ஆணிகளைப் பிடுங்குங்கள், அல்லது மடக்கி அடியுங்கள். காலில் ஆணி ஏறினால் காயத்தை நன்றாகக் கழுவி, தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்று ஏற்பு ஊசி பற்றிக் கேளுங்கள். குளம், வாய்க்கால், பாழ்கிணறு ஆகியவற்றின் அருகில் திடல் அமைப்பதானால் வேலி அவசியம். பன்யிப் பிள்ளைகள் கடலில் வளர்ந்தவர்கள். நமது பிள்ளைகள் எல்லோருக்கும் நீந்தத் தெரியாது.

5. பெண்பிள்ளைகளுக்கும் நேரம் ஒதுக்குங்கள். திடல் ஒன்று அமைந்தவுடன் பெரிய பையன்கள் அதைப் பிடித்துக்கொள்வது எங்கும் நடப்பது. இன்ன நேரம் சிறுவர்களுக்கு, இன்ன நேரம் பெண்பிள்ளைகளுக்கு என்று ஆரம்பத்திலேயே வகுத்து, எல்லோருக்கும் தெரியும்படி எழுதித் தூக்கிவிடுங்கள்.

6. பிள்ளைகளைக் கொண்டே செய்விக்கவும். பெரியவர்கள் கட்டிக் கொடுத்த திடலின் வேலி உடைந்தால், அதைப் பெரியவர்களே திருத்த வேண்டியிருக்கும். தாங்கள் பலகை சுமந்து கட்டிய திடலைப் பிள்ளைகள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். பாரமான வேலைக்கும் ஆபத்தான வேலைக்கும் மாத்திரம் பெரியவர்கள் கைகொடுத்தால் போதும்.

7. கணக்கு வையுங்கள். சேர்ந்த காசு ஐம்பது ரூபாவானாலும் கொப்பியில் எழுதி மாதம் ஒரு தடவை வாசியுங்கள். சின்னக் கழகங்கள் தோல்வியால் உடைவது குறைவு. கணக்கில்லாமையால் உடைந்தவையே அதிகம்.

இடம்பெயர்ந்த ஊரில் ஒரு விளையாட்டுக் கழகம் வெறும் பொழுதுபோக்கு அல்ல. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து, ஒருவரை ஒருவர் அறியாமல் பக்கத்துப் பக்கத்துக் கொட்டிலில் இருப்பவர்கள், பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்க்க வரும்போதுதான் முதன்முதலாகப் பேசிக்கொள்கிறார்கள். தண்ணீர்க் குழாயடியில் சண்டை பிடித்த இரண்டு தாய்மார், ஒரே அணியில் ஆடும் தங்கள் பிள்ளைகளுக்காகச் சேர்ந்து கைதட்டுவார்கள். அதன் பிறகு குழாயடியிலும் வரிசை ஒழுங்காகும்.

பன்யி ஊரவர்கள் நிலத்துக்காக மிக நீண்ட காலம் காத்திருந்தார்கள். அந்தக் காலம் முழுவதும் அவர்கள் வாழாமல் இருக்கவில்லை. மரக்கால் நாட்டி வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிப்பித்தார்கள், அந்தப் பிள்ளைகள் பலகை சேர்த்துத் திடல் கட்டினார்கள். சொந்தக் காணியைக் கேட்பது நமது உரிமை. அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் இன்று பத்து வயதான பிள்ளைக்குக் காணி கிடைக்கும் வரை பத்து வயதாகவே இருக்க முடியாது. அந்தப் பிள்ளை ஓடியாட வேண்டிய மாலை நேரம் இன்றைய மாலை நேரம்தான்.

கூடிப் பேசுவதற்கு

மாதர் சங்கம், சனசமூக நிலையம், இளைஞர் குழு ஆகியவற்றின் கூட்டங்களில் கீழ்வரும் கேள்விகளை எடுத்துப் பேசலாம்.

- நாம் இப்போது இருக்கும் இடத்தில் பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள்? பெண்பிள்ளைகள் எங்கே?
- நம்மிடையே தச்சு வேலை, ஓலை வேய்தல், கம்பி வேலை தெரிந்தவர்கள் யார் யார்? பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள்.
- ஒருவருக்கும் பயன்படாமல் கிடக்கும் பலகை, தகரம், கயிறு, பரல் எவை எங்கே இருக்கின்றன?
- பன்யியின் பெரியவர்கள் முதலில் சிரித்தார்கள், பின்னர் காசு சேர்த்தார்கள். நமது பிள்ளைகள் இதுவரை கேட்ட எந்த யோசனைக்கு நாம் சிரித்திருக்கிறோம்?